காடு என்று தங்கை சொன்னது

அந்த ஆடி மாதத்தில் எங்கள் வீட்டார் அனைவரும் ஐயமின்றி நம்பியது இதுதான்: அப்பா காட்டை விற்கப்போகிறார் என்ற செய்தி எப்படியோ என் தங்கையின் காதுக்கு எட்டிவிட்டது, அதைத் தாங்க முடியாமல்தான் அவள் வால்பாறையிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்து, சோறு இறங்காமல், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

நாங்கள் அப்படி நம்பியதற்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். கோயமுத்தூரைச் சுற்றியுள்ள எங்கள் பக்கத்தில் காடு என்றால் மரங்கள் அடர்ந்த இடம் அல்ல. கிணறு வெட்டித் தண்ணீர் பாய்ச்சினால் அது தோட்டம். வானத்தைப் பார்த்துச் சோளமோ கொள்ளோ விதைத்தால் அது காடு. ஒருவர் காட்டுக்குப் போயிருக்கிறார் என்றால் களையெடுக்கவோ ஆடு மேய்க்கவோ போயிருக்கிறார் என்று பொருள். யானையும் புலியும் இருக்கும் இடத்தை மலை என்று சொல்லி நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தோம். கருமத்தம்பட்டிக்கு வடக்கே, சுற்றிலும் கிளுவை வேலி போட்ட அப்படியொரு காடு அப்பாவுக்குப் பாகப்பிரிவினையில் வந்திருந்தது. அவர் மோட்டார் பம்பு செய்யும் ஆலையில் வேலை பார்த்து, காந்திபுரத்தில் வீடு கட்டி, நகரவாசி ஆகிவிட்டவர். வருடத்துக்கு இரண்டு தடவை போய் வேலியைப் பார்த்துவிட்டு வருவார். அவ்வளவுதான் அந்தக் காட்டோடு அவருக்கிருந்த உறவு.

தங்கை தாவரவியல் படித்தவள். ஆனைமலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக எஞ்சியிருந்த மழைக்காடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வால்பாறையில் ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கி, அட்டை கடித்த கால்களோடு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்துபோவாள். அந்த முறை, நல்ல மழைக்காலத்தில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ஏங் கண்ணு, என்ன ஆச்சு?"

"காடு போயிருச்சும்மா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அம்மா திரும்பி, செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த அப்பாவைப் பார்த்தார். செய்தித்தாள் கீழே இறங்கவில்லை. அப்பா குற்றவாளி என்பது அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"ஏனுங்க. புள்ள என்னமோ காடு போயிருச்சுங்கறா."

"பேச்சுத்தான் நடந்துட்டு இருக்குது. இன்னும் ஒண்ணும் முடிவாகலை" என்றார் அப்பா, தாளுக்குள்ளிருந்தே.

தறிக்கூடம் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்த ஒருவரோடு அவர் இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தது இப்படித்தான் வெளியே வந்தது. அம்மாவுக்குத் தெரியாத செய்தி வால்பாறை வரைக்கும் எப்படிப் போயிற்று என்று மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. பஸ் கண்டக்டர்கள் மூலமாகத்தான் போயிருக்கும் என்று அம்மா முடிவு செய்தார்.

நான் அப்போது இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாலையில் பள்ளி விட்டதும் நேராக வந்து தங்கையின் கட்டிலருகே உட்கார்வேன். நான் எதுவும் கேட்பதில்லை. சொல்லத் தோன்றும்போது அவளே சொல்வாள்.

"மரமெல்லாம் நிக்குதுக்கா. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா கீழே ஒரு கன்னுகூட இல்லை."

கருமத்தம்பட்டிக் காட்டில் நின்ற நாலைந்து வெள்வேல மரங்களை நான் நினைத்துக்கொண்டேன். அடுப்படியிலிருந்து இதைக் கேட்ட அம்மா என்னைத் தனியே அழைத்து, "கன்னு இல்லை, குட்டி இல்லைங்கறா. கல்யாணத்தை மனசுல வெச்சுத்தான் சொல்றாளோ என்னமோ" என்றார். அன்று முதல் அம்மா இரண்டு கவலைகளைச் சேர்த்துச் சுமந்தார்.

உண்மையான கவலை வேறொன்று. பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் அவளுடைய பேராசிரியர் அழைத்தார். மலையில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் ஐப்பசியில் களப்பணி தொடங்கவேண்டும். அவள் வரவில்லையென்றால் அந்த இடத்தை வேறொரு மாணவருக்குக் கொடுக்க நேரிடும் என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்த தங்கை, "நான் போகலைக்கா" என்றாள். "செத்துட்டு இருக்கறதுக்குப் பக்கத்துல உக்காந்து நாடி பாத்துட்டு இருக்கறதுக்கு எதுக்குப் படிப்பு?" அவளுக்குச் சிறுவயதிலிருந்து அந்த வேலையைத் தவிர வேறெதிலும் ஆசை இருந்ததில்லை. அதை அவள் கைவிட்டால் என்ன ஆவாள் என்று எண்ணிப்பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை.

அப்பாவுக்குக் குற்ற உணர்வு தாளவில்லை. தினமும் காந்திபுரத்திலிருந்து தேங்காய் பன் வாங்கி வந்து அவள் தலைமாட்டில் வைத்தார். பன்னும் தீரவில்லை, அழுகையும் தீரவில்லை. கடைசியில் ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கருமத்தம்பட்டிக்குப் பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது தேர்தலில் வென்றவரைப் போல நடந்து வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் அம்மாவும் கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அப்பா நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"காடு எங்கயும் போகாது கண்ணு. நீ கவலைப்படாதே."

"அப்படிச் சொல்லாதீங்கப்பா. நான் பாத்துட்டு வந்திருக்கேன். போயிட்டேதான் இருக்குது."

"போகாதுங்கறேன். நான் சொல்லிப்போட்டு வந்துட்டேன்."

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"சொல்ல வேண்டிய ஆளுகிட்டத்தான். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போட்டேன்."

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். "நீங்க ஒருத்தரு முடியாதுன்னு சொன்னா நின்னுருமுங்களா?"

"நிக்காம? பத்திரம் என்னோட பேருல இருக்குது!"

தங்கை முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு அப்பாவை உற்றுப் பார்த்தாள்.

"எதுக்குங்கப்பா பத்திரம்?"

"காட்டுக்குத்தான்."

"ஆனைமலைக் காட்டுக்கா?"

"ஆனைமலையில நமக்கு ஏது கண்ணு காடு?"

முதலில் சிரித்தது நான்தான். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. முறம் மடியிலிருந்து சரிந்து மொச்சை கூடமெங்கும் உருண்டது. பிறகு தங்கை, தன் தந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மெல்லத் தொடங்கி, பின்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல வாரங்களுக்குப் பின் அந்த வீட்டில் கேட்ட அவளுடைய சிரிப்பு அது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப இத்தனை நாளா நீ அடுத்தவங்க காட்டுக்கா அழுதே?"

"பேசறதைப் பாரு" என்றார் அம்மா, மொச்சையைப் பொறுக்கிக்கொண்டே. "கிரிக்கெட்டுல தோத்துப்போட்டா ரெண்டு நாளைக்குச் சோறு திங்காத மனுசன். அவனுகெல்லாம் உங்க பங்காளிகளாக்கும்?"

அன்றைக்குத்தான் அவள் எங்களுக்கு எல்லாவற்றையும் முறையாக எடுத்துச் சொன்னாள். அந்த மலையில் இருவாச்சி என்றொரு பெரிய பறவை உண்டு. காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் போன்ற பெரிய மரங்களின் பழங்களை விழுங்கி, தொலைவில் போய்க் கொட்டைகளைத் துப்புவது அதன் வேலை. காடு துண்டுதுண்டாகிவிட்டதால் சில திட்டுகளுக்கு இப்போது அது வருவதில்லை. பழம் தாய் மரத்தின் காலடியிலேயே விழுந்து மக்குகிறது. முளைப்பதையும் களைச்செடி மூடிவிடுகிறது. நிற்கும் மரங்கள் இன்னும் நூறாண்டு நிற்கக்கூடும். ஆனால் அவற்றுக்குப் பின் வளர்ந்து வர எதுவும் இல்லை.

"வெளியிலிருந்து பாத்தா பச்சைப்பசேல்னு இருக்குதுங்க. உள்ளே போனா, எல்லாமே கடைசி மரம். அதுக்கு நடுவுல நான் மட்டும் இது தெரிஞ்சுட்டு நிக்கறேன்."

எங்களில் ஒருவரும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. சொல்லாததற்காக அம்மா, அப்பா இருவர் மீதும் எனக்கு இன்றளவும் மரியாதை உண்டு. அம்மா தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னே வைத்தார். "இதைச் சாப்பிட்டுப்போட்டு அழு" என்றார். அவள் இரண்டும் செய்தாள்.

தட்டு காலியானதும் அப்பா தன் வழக்கை மறுபடி எடுத்தார். "உன்னாலதான் நான் காட்டை விக்காம விட்டது. வந்து ஒருக்காப் பாத்துப்போட்டாவது போ. இல்லைன்னா நான் அந்த ஆளுகிட்ட வீராப்புப் பேசுனதுக்கு அர்த்தமே இல்லை."

அடுத்த வாரம் நால்வரும் போனோம். அம்மா கட்டுச்சோறு கட்டி எடுத்துக்கொண்டார். கருமத்தம்பட்டியில் இறங்கினால் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். அது ஓயும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நடந்தால் எங்கள் காடு. அந்த ஆண்டு எதுவும் விதைக்கவில்லை. முழங்காலளவு கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரங்கள், பக்கத்துக் காட்டுக்காரர் மேய்க்க விட்டிருந்த வெள்ளாடுகள். வானளாவிய மரங்களுக்கு நடுவே வாழ்ந்தவளுக்கு இதில் பார்க்க என்ன இருக்கப்போகிறது என்று நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். பொருட்காட்சியில் கடை போட்டவரைப் போலப் பதற்றத்தோடு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார்.

தங்கை நடந்துகொண்டே இருந்தவள் சட்டென்று குந்தி உட்கார்ந்தாள். புல்லை விலக்கினாள். இன்னும் சற்றுத் தள்ளிப் போய் மறுபடி விலக்கினாள்.

"என்ன கண்ணு, பாம்பா?" என்று அம்மா பின்வாங்கினார்.

"கன்னும்மா."

வெள்வேலங் கன்றுகள். விரல் நீளத்தில், ஊசி முள்ளோடு, அங்கங்கே எழும்பியிருந்தன. மரத்தடியில் மட்டுமல்ல, மரத்திலிருந்து வெகுதூரம் தள்ளியும் இருந்தன. யார் நட்டது என்று அப்பாவைக் கேட்டாள். இங்கே வந்து நடுவதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது என்றார் அவர். தங்கை ஒரு கன்றின் காலடியில் கிளறி, காய்ந்த ஆட்டுப் புழுக்கையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ஆடுகள் காயைத் தின்று, நடந்துபோன வழியெல்லாம் கொட்டையைப் போட்டிருக்கின்றன. மலையில் இருவாச்சி செய்யவேண்டிய வேலையை இங்கே வெள்ளாடு செய்துகொண்டிருந்தது.

"அவ்வளவுதானே?" என்றார் அப்பா. "இந்த ஆட்டுல நாலைப் பஸ்ஸுல ஏத்தி வால்பாறைக்குக் கூட்டிட்டுப் போயிரு."

"ஆடு காட்டையே தின்னுபோடுமுங்கப்பா."

"அப்ப இருவாச்சியைப் புடிச்சுக் கூட்டிட்டு வா."

"அது என்ன உங்க ஒறம்பரைச் சனமா, கூப்பிட்டா வர்றதுக்கு?" என்றார் அம்மா. பிறகு, கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "ஏங் கண்ணு, அந்தப் பறவை அப்படி என்னதான் பண்ணுது? பழத்தைத் தின்னுது, கொட்டையைத் தூரமாக் கொண்டுபோய்ப் போடுது. அதானே? அதைப் பண்றதுக்கு ரெக்கை வேணுமா?"

தங்கை அறிவியல்படி விடையளிக்கத் தொடங்கினாள். மண், நிழல், ஈரம், களை, இடத்துக்கு இடம் மாறும் மர வகைகள். அம்மா புளிச்சோற்றை உருட்டி அவள் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"கொட்டை கெடைக்குமா, கெடைக்காதா?"

"கெடைக்கும். கீழதான் விழுந்து கெடக்கும்."

"முளைக்குமா, முளைக்காதா?"

"சிலது முளைக்கும்."

"அப்பக் கொண்டா. தக்காளி நாத்து விட்டவளுக்கு இது என்ன பெருசா?"

"அம்மா, அது மழைக்காட்டு மரம். காந்திபுரத்து வெயில்ல நிக்காது."

"நம்ம ஊட்டுல மலையில இருந்து சிறுவாணித் தண்ணியாக்கும் வருது" என்றார் அம்மா, அதோடு விவாதம் முடிந்தது என்பதுபோல.

அந்த ஆவணியில் தங்கை மறுபடி மலையேறினாள். வேலைக்குத் திரும்பிவிட்டதாக அவள் சொல்லவில்லை. அம்மாவின் பிடிவாதத்துக்காக ஒரு வாரம் போய்வருவதாகத்தான் சொன்னாள். எஸ்டேட் மேலாளரிடம் அனுமதி கேட்டு, விழுந்து கிடந்த கொட்டைகளை அவளும் கூடப்போன அப்பாவும் பொறுக்கி ஈரச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள். காட்டு ஜாதிக்கொட்டையின் மேல் சிவப்பு வலை பின்னினாற்போல ஒரு தோல் இருந்தது. பறவை விழுங்கும்போது அது செரித்துப்போகும், கொட்டை சுத்தமாக வெளியே வரும் என்று தங்கை விளக்கினாள். அம்மா ஒரு பாத்திரத்தில் போட்டுக் கையால் தேய்த்து உரித்தார். "வயித்து வேலையைக் கை பண்ணுது" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

பழைய பேப்பர்காரருக்கு என்று கழுவி உலர்த்தி வைத்திருந்த பால் பாக்கெட்டுகள் எல்லாம் மண் நிரம்பின. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஓலைத் தடுக்குப் பந்தல் எழுந்தது. அதன்மேல் நனைத்த சாக்கு. ஆடிக் காற்று ஓய்ந்தும் ஓயாமலும் வீசிய அந்த நாட்களில் சாக்கு பறந்து பக்கத்து வீட்டு மாடியில் போய் விழும். அப்பா போய் வாங்கி வருவார். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, "இது என்ன செடிங்க? பூப் பூக்குமுங்களா?" என்றார்.

"பூக்குமுங்க. உங்க பேரன் பேத்தி காலத்துல பூக்கும்" என்றார் அம்மா.

எல்லாம் முளைக்கவில்லை. பல கொட்டைகள் அழுகின. முளைத்தவற்றில் பாதியைப் புரட்டாசி வெயில் தீய்த்தது. ஒவ்வொன்று வாடியபோதும் தங்கையின் முகம் மறுபடி சுவரை நோக்கித் திரும்பிவிடுமோ என்று நான் அஞ்சினேன். ஆனால் அவளுக்கு அதற்கு அவகாசம் இருக்கவில்லை. சாக்கு நனைக்கவேண்டும், பாக்கெட்டை இடம் மாற்றவேண்டும், இரவல் புத்தகங்களில் தேடவேண்டும், அம்மாவோடு சண்டை போடவேண்டும். அம்மா அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவதை அவள் தடுத்தாள். அவள் இல்லாதபோது அம்மா ஊற்றினார்.

ஒரு மாலை, பந்தலடியில் உட்கார்ந்திருந்தபோது, இருவாச்சியின் குடித்தனத்தைப் பற்றி அவள் கதை சொன்னாள். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சின்னச் சந்து மட்டும் விட்டிருக்கும். குஞ்சு வளரும் வரை மாதக்கணக்கில் ஆண் பறவைதான் பழம் பொறுக்கிவந்து அந்தச் சந்து வழியாக ஊட்டவேண்டும்.

அம்மா இதைக் கேட்டு முகம் மலர்ந்தார். "மாசக்கணக்குலயா?"

"ஆமாம்மா. ஒருநாள்கூட லீவு இல்லை."

"கேட்டீங்களா? ஏனுங்க, உங்களைத்தான். நான் நாளைக்கு அடுப்படியில உக்காந்து கதவைச் சாத்திக்கறேன்."

"சாத்திக்க அம்மணி" என்றார் அப்பா. "நான் தேங்காய் பன் வாங்கிட்டு வந்து சன்னல்ல குடுக்கறேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இருவாச்சி என்று பெயர். அவருக்கும் அது பிடித்திருந்தது.

ஐப்பசி பிறந்தபோது யாரும் தங்கையிடம் எதையும் நினைவூட்டவில்லை. ஒரு காலையில் அவள் பெட்டியை எடுத்து வெயிலில் காயவைத்தாள். நான் காப்பித் தம்ளரோடு அருகில் போய் நின்றேன்.

"காடு போயிருமேங்கற பயம் போயிருச்சா?" என்று கேட்டேன்.

"இல்லைக்கா. அப்படியேதான் இருக்குது. பயப்படறதுக்கு நேரந்தான் கொறைஞ்சிருச்சு." சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அங்க நான் தனியா நின்னு பாத்துட்டு இருந்தேன். அதுதான் தாங்கலை. இப்ப இங்கயும் மூணு பேரு சாக்கை நனைச்சுட்டு இருக்கீங்கன்னு தெரியுமல்ல."

அன்று பகலில் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டோம். கன்றுகளைத் தான் பார்த்துக்கொள்வதாக அப்பா சன்னலோரம் நின்று மூன்றாம் முறையாகச் சொன்னார்.

அடுத்த ஆண்டு மழை தொடங்கியதும், எஞ்சியிருந்த கன்றுகள் மலைக்குப் போயின. இரண்டு மூங்கில் கூடைகளில் அடுக்கி, ஒன்றை அப்பாவும் ஒன்றை நானும் மடியில் வைத்துக்கொண்டோம். அம்மா கொண்டை ஊசி வளைவுகளுக்கு அஞ்சி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க பெரியவரே, மேலதான் எங்க பாத்தாலும் மரமா நிக்குதே. கீழே இருந்து கொண்டுபோறீங்க?"

"எங்க காட்டுல வெளைஞ்சதுங்க" என்றார் அப்பா, வெகு கௌரவமாக. அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மழையில் நனைந்துகொண்டே நட்டோம். அட்டைகள் முதலில் அம்மாவைத்தான் கண்டுபிடித்தன. "உங்க அப்பாவை உட்டுப்போட்டு என்னையே தேடி வருது பாரு. ருசி தெரிஞ்ச ஜென்மம்" என்று உப்பைத் தடவிக்கொண்டார். பெரிய மரங்களுக்கு நடுவே எங்கள் கன்றுகள் கண்ணுக்கே தெரியவில்லை. இதனால் அந்தக் காடு பிழைத்துவிடும் என்று எங்கள் நால்வரில் ஒருவரும் நினைக்கவில்லை. தங்கை ஒவ்வொரு கன்றுக்கும் அருகில் குச்சி நட்டுக்கொண்டே போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு அப்பா நின்றார். இறங்கும்போது அடிவாரத்தில் ஆழியாறு வந்ததும் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அவள் ஆராய்ச்சியை முடித்தாள். அதன் பின்னும் கீழே வரவில்லை. அவள் பார்த்துவந்த திட்டுகளில் சில அழிந்தன. அந்தச் செய்திகளைச் சொல்லும்போது அவள் குரல் இன்றும் தாழ்ந்துபோகிறது. சில இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் நாங்கள் நட்டவற்றுள் ஏழெட்டு மரங்கள் என்னைவிட உயரமாக வளர்ந்திருக்கின்றன. இருவாச்சி அங்கே வருகிறதா என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். எப்போதாவது ஒன்று கடந்து போகிறது என்பாள் தங்கை. அதுவே போதும் என்பார் அம்மா.

அப்பா முதலில் போனார். அம்மா சில ஆண்டுகள் கழித்து. நான் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்றுக் கோயமுத்தூரிலேயே இருக்கிறேன். தங்கை வால்பாறையில் இருக்கிறாள்.